பிள்ளைகளுக்கு வீட்டில் ஓர் அமைதி நேரம்

சொந்த ஊருக்குத் திரும்பியதும் செய்யவேண்டிய வேலைகள் ஏராளம். வளவைத் துப்புரவாக்க வேண்டும். கிணறு இறைக்க வேண்டும். கூரைக்குத் தகரம் போட வேண்டும். பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும். கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் பதிவுகளை முடிக்க வேண்டும். இவை பற்றிய விபரங்களை இக்கைநூலின் மற்றைய பகுதிகளில் காணலாம்.

இப்பகுதி ஒரு சிறிய விடயத்தைப் பற்றியது. இதற்குப் பணம் தேவையில்லை, படிவம் நிரப்பவும் தேவையில்லை. நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் போதும். பிள்ளைகள் தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், உங்களுக்குப் பக்கத்தில் அமைதியாக இருக்கப் பழகுவதே அது. இதனை இங்கு "அமைதி நேரம்" என்று குறிப்பிடுகிறோம்.

அமைதி நேரம் என்றால் என்ன?

அமைதி நேரத்தில் பிள்ளை ஓடித் திரியாமல், வேலை எதுவும் செய்யாமல், தனக்குப் பிடித்த ஒரு சிறு காரியத்தில் ஈடுபட்டிருக்கும். படம் கீறலாம், கதை கேட்கலாம், சும்மா படுத்துக்கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். வீட்டில் உள்ள பெரியவர் ஒருவர் அருகில் இருப்பார். அவரும் குரலை உயர்த்திக் கதைக்க மாட்டார்.

இது தண்டனை அல்ல. குழப்படி செய்த பிள்ளையை மூலையில் இருத்துவது வேறு, இது வேறு. இது படிப்பு நேரமும் அல்ல. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் படிப்பு நேரத்துக்குப் புறம்பாக இந்த அரை மணித்தியாலம் தேவை. கட்டாயமாக நித்திரை கொள்ளச் செய்யும் நேரமும் அல்ல. நித்திரை வந்தால் கொள்ளட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இது ஏன் தேவை?

யுத்த காலத்தைக் கடந்து வந்த பிள்ளைகள் அமைதியாக இருக்கத் தெரியாதவர்கள் அல்லர். பங்கருக்குள் மணிக்கணக்காகச் சத்தமில்லாமல் இருந்தவர்கள் அவர்கள். "கதைக்காத, அசையாத" என்று நீங்களே அப்போது சொல்லவேண்டியிருந்தது. அது அவர்களுடைய உயிரைக் காத்தது. ஆனால், அந்தப் பிள்ளைகளின் மனதில் அமைதியும் பயமும் ஒன்றாகச் சேர்ந்து பதிந்துவிட்டன. சத்தம் ஓய்ந்தால், அடுத்து என்ன வரப்போகிறதோ என்று காது கொடுத்துக் காத்திருக்கும் பழக்கம் அவர்களில் சிலருக்கு இன்னும் போகவில்லை.

அதன்பின் வந்த முகாம் வாழ்க்கை நேரெதிரானது. செட்டிகுளம் மெனிக்பாமில் ஒரே கூடாரத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தண்ணீருக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, ஒலிபெருக்கியில் அறிவித்தல், பக்கத்துத் தறப்பாளுக்குள் அழுகை என்று எந்த நேரமும் சத்தம்தான். 2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கிய மீள்குடியேற்றத்துடன் படிப்படியாக வெளியேறி, 2012 செப்டெம்பரில் அந்த முகாம் மூடப்படும் வரையில், பல பிள்ளைகள் தங்கள் சிறுபராயத்தில் மூன்று வருடங்களை அப்படியே கழித்தார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளும் உண்டு. புத்தளத்திலிருந்து மன்னாருக்கும் முசலிக்கும் திரும்பும் குடும்பங்களிலோ, 1990இல் வெளியேறிய பெற்றோரின் பிள்ளைகள் இந்த ஊரைப் பார்த்ததே இல்லை. நீங்கள் "வீட்டுக்கு வந்துவிட்டோம்" என்கிறீர்கள். அவர்களுக்கு இது இன்னொரு புதிய இடம்.

ஆகவே, இப்பிள்ளைகள் இரண்டு விதமான அமைதியை வேறு பிரித்து அறிய வேண்டும். ஒன்று, பயத்தினால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்த அமைதி. மற்றது, பயப்பட ஒன்றுமில்லாததால் வரும் அமைதி. இரண்டாவதை வாயால் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. தினமும் அதே நேரத்தில், அதே பாயில், அதே ஆளின் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு நாளும் ஒன்றும் நடவாமல் அந்த நேரம் முடிவதைப் பார்த்துத்தான் பிள்ளை அதைப் பழகும்.

இதனால் வேறு பயன்களும் உண்டு. மத்தியானத்தில் சற்று ஓய்ந்திருக்கும் பிள்ளை பின்னேரத்தில் குறைவாகச் சினப்படும். இரவில் நித்திரைக்கு முன் அமைதியாக இருக்கும் பிள்ளைக்குக் கெதியில் நித்திரை வரும். பாடசாலைப் பருவப் பிள்ளைக்கு இரவில் ஒன்பது மணித்தியாலமாவது நித்திரை தேவை. இடைநடுவில் விட்டுப்போன படிப்பைத் திரும்பப் பிடிப்பதற்கும் நல்ல நித்திரை அவசியம்.

எந்த நேரம் நல்லது?

பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தக்கூடிய நேரங்கள் இரண்டு.

முதலாவது, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின். பாடசாலை ஒன்றரை மணிக்கு விட்டு, பிள்ளை வீடு வந்து, முகம் கழுவிச் சாப்பிட்டபின் இரண்டரை மணியளவில் தொடங்கலாம். வெயில் கடுமையாக இருக்கும் அந்நேரம் பிள்ளைகள் நிழலில் இருப்பது உடலுக்கும் நல்லது.

இரண்டாவது, இரவுச் சாப்பாட்டுக்கும் நித்திரைக்கும் இடையில். நாள் முழுவதும் தோட்டத்திலோ கூலி வேலையிலோ இருக்கும் பெற்றோருக்கு இதுவே வசதி. பொழுதுபட விளக்கேற்றித் தேவாரம் பாடும் வீடுகளிலும், குடும்பச் செபம் சொல்லும் வீடுகளிலும், மஃரிப் தொழும் வீடுகளிலும் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு இருக்கிறது. இரவு நேரத்தைத் தெரிவு செய்பவர்கள் அந்த ஒழுங்கோடு சேர்த்து வைத்துக்கொண்டால் பிள்ளைகள் இலகுவாகப் பழகுவார்கள்.

இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். தெரிவு செய்தபின் மாற்றாதீர்கள். வீட்டில் மணிக்கூடு இல்லாவிட்டாலும் பிரச்சினையில்லை. "சாப்பிட்டுக் கோப்பை கழுவினாப் பிறகு" என்பதே போதுமான அடையாளம். மணி பிந்தினாலும் வரிசை மாறக்கூடாது என்பதே முக்கியம். சாப்பாடு, பிறகு கோப்பை கழுவுதல், பிறகு பாய் விரித்தல், பிறகு அமைதி நேரம். பல வருடங்களாக அடுத்தது என்ன என்று தெரியாமல் வாழ்ந்த பிள்ளைக்கு, அடுத்தது இதுதான் என்று முன்கூட்டியே தெரிவது பெரிய ஆறுதல்.

அதற்கு முன் பிள்ளை நன்றாக ஓடி விளையாடியிருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள். கிளித்தட்டும் எட்டுக்கோடும் விளையாடிக் களைத்த பிள்ளை தானாகவே ஓய்ந்து இருக்கும். நாள் முழுவதும் கொட்டிலுக்குள் அடைபட்டிருந்த பிள்ளையை "அமைதியாக இரு" என்றால் இருக்காது.

எந்த இடத்தில்?

தற்காலிக வீட்டில் தனி அறை ஏது என்று நீங்கள் நினைக்கலாம். அறை தேவையில்லை, ஒரு பாய் போதும். கொட்டிலின் ஒரு மூலை, விறாந்தை, முற்றத்து வேம்பின் நிழல் ஆகியவற்றில் எதுவாகவும் இருக்கலாம். பழைய சேலையொன்றைக் கயிற்றில் தொங்கவிட்டு மறைத்தால் அந்த மூலை பிள்ளைக்குத் தனி இடம்போல் தோன்றும். தகரக் கூரை மத்தியானத்தில் கொதிக்கும். அந்நேரம் வெளியே நிழலில் இருப்பது நல்லது. கூரைக்கு மேல் கிடுகோ பனையோலையோ பரப்பினால் உள்ளே சூடு ஓரளவு தணியும்.

அமைதி நேரத்துக்கென ஒரு பாயையோ, ஒரு துண்டுத் தறப்பாளையோ, ஒரு சாக்கையோ வேறாக வைத்திருங்கள். அதை விரித்தால் நேரம் தொடங்கியது, சுருட்டினால் முடிந்தது என்று மிகச் சிறிய பிள்ளைக்கும் விளங்கும்.

பின்வரும் இடங்களுக்கு எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளைகளை விட வேண்டாம்:

• பற்றை மண்டிய வளவுகள், ஆட்கள் இன்னும் திரும்பி வராத வீடுகள்.
• பழைய பங்கர்கள், மண் அணைகள். இவற்றில் வெடிபொருட்கள் கிடக்கலாம், பாம்பும் இருக்கலாம்.
• கட்டுக்கல் உடைந்த, மூடப்படாத கிணறுகளின் அருகாமை.
• மண்டையோட்டுச் சின்னமோ எச்சரிக்கை நாடாவோ போடப்பட்ட இடங்கள்.

தனிமையை விரும்பும் வளர்ந்த பிள்ளைகள், குறிப்பாக ஆண்பிள்ளைகள், இப்படியான இடங்களைத் தேடிப் போவதுண்டு. வீட்டுக்குள் அவர்களுக்கென்று ஒரு மூலை இருந்தால் வெளியே தேடிப் போகும் தேவை குறையும். சந்தேகமான பொருள் எதையும் கண்டால் தொடாமல், போன வழியாலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல்லும்படி அடிக்கடி நினைவூட்டுங்கள். பெரியவர்கள் அதனைக் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும்.

இரவு நேரமாயின் வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். ஜாம் போத்தலிலோ மருந்துப் போத்தலிலோ திரி போட்டுச் செய்த குப்பி விளக்கு கைபட்டவுடன் சரிந்து தீப்பிடிக்கும். பாயில் பிள்ளைகள் இருக்கும்போது அதை நிலத்தில் வைக்காதீர்கள். வைத்தியர் விஜய கொடகும்புர வடிவமைத்த பாதுகாப்பான குப்பி விளக்கு கட்டையானது, பாரமானது. அதன் இரு பக்கமும் தட்டையாக இருப்பதால் சரிந்தாலும் உருளாது, மூடி திருகுமூடி என்பதால் எண்ணெய் கொட்டாது. அது கிடைத்தால் அதையே பாவியுங்கள். கிடைக்காவிட்டால் சிமினியுள்ள லாம்பை எட்டாத உயரத்தில் கொழுவுங்கள்.

அந்த நேரத்தில் என்ன செய்யலாம்?

விளையாட்டுப் பொருட்கள் வாங்கத் தேவையில்லை. பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி வீட்டில் உள்ளவற்றையே பாவிக்கலாம்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள்: மடியில் வைத்துத் தாலாட்டுங்கள், முதுகைத் தடவிக்கொடுங்கள். ஒரு துணிப் பொம்மையோ பழைய சேலைத் துண்டோ கையில் இருந்தால் போதும். இவ்வயதினருக்குப் பத்து நிமிடமே அதிகம். விதைகள், சிறு கற்கள், தெறிகள் எதையும் கொடுக்க வேண்டாம். தொண்டையில் சிக்கும்.

நான்கு முதல் ஏழு வயது வரை: ஒரு பழைய தட்டில் குருத்து மணலைப் பரப்பிக் கொடுங்கள். விரலால் கீறி, அழித்து, திரும்பக் கீறலாம். கொப்பியும் பென்சிலும் செலவாகாது. புளியங்கொட்டைகளைப் பாயில் அடுக்கிக் கோலம் போடலாம். குன்றிமணி அழகாக இருந்தாலும் அதன் விதை கடும் நஞ்சு. அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம்.

எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை: படம் கீறுதல், கதைப் புத்தகம் வாசித்தல், பனையோலையில் கிலுக்கோ பெட்டியோ இழைத்தல், துணி தைத்தல். அம்மம்மாவோ அப்பம்மாவோ வீட்டில் இருந்தால் இழைக்கப் பழக்குவதற்கு அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

பதின்மூன்று வயதுக்கு மேல்: இவர்களுக்கு அருகில் இருந்து கண்காணிப்பது பிடிக்காது. விறாந்தையின் மறுமுனையில் வாசிக்கட்டும், எழுதட்டும், குறைந்த சத்தத்தில் வானொலியில் பாட்டுக் கேட்கட்டும். அவர்கள் எழுதுவதை எடுத்து வாசிக்காதீர்கள். தம்பி தங்கைகளைப் பார்க்கும் பொறுப்பை இந்த அரை மணித்தியாலத்தில் அவர்களிடம் கொடுக்காதீர்கள். முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றவர்களும், சிறியவர்களைத் தூக்கித் திரிந்தவர்களும் பெரும்பாலும் இந்த வயதுப் பிள்ளைகளே. அவர்களுக்கும் ஓய்வு தேவை.

எல்லா வயதினரோடும் செய்யக்கூடிய ஒரு சிறு பயிற்சி உண்டு. சூடான தேத்தண்ணியை ஊதி ஆற்றுவதுபோல, மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, வாயைக் குவித்து நீளமாக ஊத வேண்டும். உள்ளே இழுக்கும் நேரத்தைவிட வெளியே ஊதும் நேரம் கூடுதலாக இருக்கட்டும். ஐந்து முறை செய்தால் படபடப்பு அடங்கும். நீங்களும் சேர்ந்து செய்யுங்கள்.

தொடங்கும் முறை

முதல் நாளே அரை மணித்தியாலம் என்று தொடங்கினால் பிள்ளைக்கும் அலுக்கும், உங்களுக்கும் அலுக்கும். படிப்படியாகக் கூட்டுங்கள்.

முதல் மூன்று நாட்கள்: பத்து நிமிடம். நீங்கள் பாயிலேயே பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள். தொடங்குமுன், "கொஞ்ச நேரம் எல்லாரும் மெதுவா இருப்பம். அம்மா இஞ்சதான் இருக்கிறன். பிறகு வெளியில போய் விளையாடலாம்" என்று சொல்லுங்கள். "சத்தம் போடாத", "அசையாத" என்ற சொற்களைத் தவிருங்கள். அவை பங்கர் காலத்துச் சொற்கள்.

நான்காம் நாள் முதல் ஒரு வாரம் வரை: பதினைந்து நிமிடம். நீங்கள் ஓர் எட்டுத் தள்ளி இருந்து அரிசி கிளையலாம், தேங்காய் துருவலாம். பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருங்கள்.

இரண்டாம் வாரம்: இருபது நிமிடம். பிள்ளை தான் என்ன செய்யப்போகிறது என்பதைத் தானே தெரிவு செய்யட்டும்.

அதன்பின் அரை மணித்தியாலம். அதைவிட நீட்ட வேண்டாம். முடியும் நேரத்தில் திடீரென எழுப்பாமல், "இன்னும் கொஞ்சத்தில பாய் சுருட்டுவம்" என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். இடையில் ஒரு நாள் தவறிப்போனால், அடுத்த நாள் வழமைபோலத் தொடருங்கள்.

முதல் சில நாட்கள் பிள்ளை நெளியும், எழும்பி ஓடும், "தண்ணி வேணும்" என்று பத்துமுறை கேட்கும். ஏசாமல் திரும்ப அழைத்து வந்து இருத்துங்கள். ஒரு செம்பு தண்ணீரைப் பாய்க்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் ஒரு சாட்டுக் குறையும்.

பயமா, ஆறுதலா என்று எப்படி அறிவது?

சத்தமின்றி இருக்கும் பிள்ளை ஆறுதலாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் உடம்பைப் பாருங்கள்.

ஆறுதலாக இருக்கும் பிள்ளையின் கைகால்கள் தளர்ந்திருக்கும். மூச்சு சீராக இருக்கும். இடையிடையே தனக்குள் முணுமுணுக்கும், பாட்டு இழுக்கும், உங்களைப் பார்த்துச் சிரிக்கும். பயந்திருக்கும் பிள்ளை உடம்பைக் குறுக்கிக்கொள்ளும். தோள்கள் உயர்ந்திருக்கும். சிறு ஒலிக்கும் திடுக்கிட்டு வாசலைப் பார்க்கும். கையைப் பொத்தி வைத்திருக்கும். சில பிள்ளைகள் வெறித்துப் பார்த்தபடி, கூப்பிட்டாலும் கேளாதவர்போல் இருப்பார்கள்.

இரண்டாவது வகை அறிகுறிகளைக் கண்டால் அன்றைய அமைதி நேரத்தை நிறுத்திவிடுங்கள். பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அணைத்துக்கொள்ளுங்கள். முற்றத்துக்குக் கூட்டிச் சென்று கோழிக்குத் தீனி போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற கைவேலை ஒன்றைச் சேர்ந்து செய்யுங்கள். அடுத்த நாள் ஐந்து நிமிடத்திலிருந்து, மடியில் வைத்துக் கதை சொல்லித் தொடங்குங்கள். அப்பிள்ளைக்கு முழு நிசப்தம் வேண்டாம். உங்கள் குரல் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

மிதிவெடி அகற்றும் பிரிவினர் தாம் எடுத்த வெடிபொருட்களை ஓரிடத்தில் வைத்து வெடிக்கச் செய்வார்கள். அந்தச் சத்தம் ஊருக்குள் கேட்கும். அவர்கள் முன்னறிவித்தல் தந்தால் அதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்: "இண்டைக்கு ஒரு சத்தம் கேக்கும். கிடந்த வெடியை எடுத்து அழிக்கினம். எங்களுக்கு ஒண்டும் வராது." அறிவித்தல் இல்லாமல் சத்தம் கேட்டால், முதலில் உங்கள் முகத்தில் பதற்றம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளை சத்தத்தைக் கேட்டவுடன் பார்ப்பது உங்கள் முகத்தைத்தான்.

அமைதியில் வரும் கேள்விகள்

ஓடி விளையாடும்போது வராத கேள்விகள் பாயில் படுத்திருக்கும்போது வரும். "அப்பா எப்ப வருவார்?" "அக்காவை ஏன் அங்கயே விட்டிட்டு வந்தனாங்கள்?" "திரும்பவும் ஷெல் அடிப்பாங்களோ?" இக்கேள்விகளுக்குப் பயந்தே சில பெற்றோர் பிள்ளைகளைச் சும்மா இருக்க விடுவதில்லை. ஆனால், கேட்காமல் உள்ளே வைத்திருக்கும் பிள்ளையைவிடக் கேட்கும் பிள்ளைக்குத்தான் கெதியில் ஆறுதல் கிடைக்கும்.

உண்மையைச் சொல்லுங்கள். வயதுக்கேற்ற அளவில், சில வசனங்களில் சொன்னால் போதும். இறந்தவர்களை "வெளிநாட்டுக்குப் போயிருக்கினம்" என்று சொல்ல வேண்டாம். பிள்ளை அதை நம்பிக் காத்திருக்கும். பின்னர் அயலில் யாரோ சொல்லித் தெரியவரும்போது, உங்கள் மற்றப் பேச்சுக்களிலும் நம்பிக்கை போய்விடும்.

காணாமற்போனவர் பற்றிய கேள்வியே மிகக் கடினமானது. விடை உங்களுக்கே தெரியாதபோது, வருவார் என்றும் சொல்ல முடியாது, வரமாட்டார் என்றும் சொல்ல முடியாது. "அப்பா எங்க எண்டு அம்மாவுக்கும் தெரியேல்ல. தேடிக்கொண்டு இருக்கிறம். என்ன தெரிஞ்சாலும் முதல்ல உனக்குச் சொல்லுவன்" என்று சொல்லலாம். அது பொய்யல்ல. அதைக் கேட்டுப் பிள்ளை அழுதால் அழட்டும். உங்களுக்கும் அழுகை வந்தால் மறைக்கத் தேவையில்லை. "அம்மாவுக்கும் அப்பாவை நினைச்சால் அழுகை வரும்" என்று சொல்லிவிட்டு, பிறகு முகம் கழுவி, வழமையான அடுத்த வேலைக்குப் போங்கள்.

பிள்ளை கேட்காதபோது நீங்களாகக் கிளற வேண்டாம். பிள்ளை கீறிய படத்தில் விமானமோ, நெருப்போ, விழுந்து கிடக்கும் ஆட்களோ இருந்தால், படத்தைப் பறிக்கவோ விசாரணை செய்யவோ வேண்டாம். "இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல விருப்பமோ?" என்று ஒருமுறை கேளுங்கள். சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பெற்றோர் வழமையாகக் கேட்பவை

"நான் தனிய நாலு பிள்ளைகளைப் பார்க்கிறன். எனக்கு அரை மணித்தியாலம் எங்கே?"

குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் தாய்மார் பலர். உங்களுக்கு இது இன்னொரு வேலையாக இருக்கக் கூடாது. அம்மம்மா, மாமி, சித்தி என்று யாரும் பக்கத்தில் இருந்தால் நாள் மாறி நாள் பொறுப்பெடுக்கலாம். அயல்வீட்டுத் தாயுடன் சேர்ந்து இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே நிழலில் இருத்தலாம். ஒருவரும் இல்லாவிட்டால் பத்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தினமும் நடக்கும் பத்து நிமிடம், எப்போதாவது நடக்கும் ஒரு மணித்தியாலத்தைவிட மேலானது. அந்தப் பத்து நிமிடம் நீங்களும் காலை நீட்டி இருங்கள்.

"வயது வித்தியாசமான பிள்ளைகள். ஒருவர் இருக்க மற்றவர் குழப்புகிறார்."

சிறியவரை முதலில் நித்திரையாக்கிவிட்டுப் பெரியவர்களைத் தொடங்கச் செய்யலாம். அல்லது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பாய் கொடுத்து, இடையில் நீங்கள் இருக்கலாம்.

"படம் போட்டுவிட்டால் பிள்ளை தானாக அமைதியாக இருக்கிறது. அது போதாதா?"

தொலைக்காட்சியின் முன்னாலும் கைத்தொலைபேசியின் முன்னாலும் பிள்ளை அசையாமல் இருக்கும். ஆனால் மனம் ஓய்வதில்லை. சண்டைப் படங்கள் பழைய நினைவுகளைக் கிளப்பவும் கூடும். அமைதி நேரத்தில் இரண்டையும் நிறுத்திவையுங்கள்.

"பிள்ளை இரவில் பாயை நனைக்கிறது. ஐந்து வயதுவரை இல்லாத பழக்கம்."

பயத்தையும் இடமாற்றத்தையும் சந்தித்த பிள்ளைகளிடம் இது பொதுவாகக் காணப்படும். வேண்டுமென்று செய்வதல்ல. அடிக்கவோ மற்றவர் முன் பகிடி பண்ணவோ வேண்டாம். நித்திரைக்கு முன்னான அமைதி நேரத்தின் முடிவில் சிறுநீர் கழிக்கக் கூட்டிச் செல்லுங்கள். மலசலகூடம் தூரத்தில் இருந்தால் இருட்டில் தனியே அனுப்பாதீர்கள். தொடர்ந்து இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். சில வேளைகளில் உடல் நோயும் காரணமாகலாம்.

எப்போது மற்றவரின் உதவியை நாட வேண்டும்?

பெரும்பாலான பிள்ளைகள் வீட்டின் ஒழுங்கும் பாடசாலையும் விளையாட்டும் திரும்பக் கிடைத்ததும் படிப்படியாகத் தேறிவிடுவார்கள். பின்வருவனவற்றில் ஏதேனும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ உதவி பெறுங்கள்:

• இரவில் அலறி எழும்புதல், நித்திரைக்குப் போகவே பயப்படுதல்.
• முன்பு கதைத்த பிள்ளை கதைப்பதை நிறுத்திவிடுதல்.
• சாப்பிடாமை, மெலிந்து போதல்.
• விளையாட்டிலும் நண்பர்களிலும் முற்றாக விருப்பமின்மை.
• காரணமின்றித் திரும்பத் திரும்ப வரும் தலையிடி, வயிற்றுவலி.

தன்னைத் தானே காயப்படுத்துதல், சாக வேண்டும் என்று கதைத்தல் ஆகியவற்றுக்கு ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

முதலில் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ வகுப்பாசிரியரிடமோ கதையுங்கள். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவர்கள் வழிகாட்டுவார்கள். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் சந்திக்கலாம். பிள்ளை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். உளநலப் பிரிவுக்குப் போவது "விசர்" என்பதற்கல்ல. காய்ச்சலுக்கு மருந்தெடுப்பது போன்றதே அதுவும்.

சுவரில் ஒட்டிவைக்க

1. தினமும் ஒரே வரிசை: சாப்பாடு, கோப்பை கழுவுதல், பாய், அமைதி நேரம்.
2. பத்து நிமிடத்தில் தொடங்கி, அரை மணித்தியாலம் வரை.
3. பெரியவர் ஒருவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில்.
4. இது தண்டனையல்ல, படிப்பும் அல்ல.
5. பிள்ளையின் உடம்பைக் கவனியுங்கள். பயம் தெரிந்தால் நிறுத்துங்கள்.
6. கேள்வி வந்தால் உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.
7. பற்றை, பங்கர், பாழ்வீடு, பாழ்கிணறு பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள்.

இன்று மத்தியானமோ இரவோ ஒரு பாயை விரித்துத் தொடங்கலாம். இரண்டு வாரம் கழிந்து, நீங்கள் சொல்லாமலே பிள்ளை பாயை எடுத்து விரித்தால் அது பழகிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.